புதுச்சேரிக் கடற்பாலங்கள்

புதுச்சேரிக் கடற்பாலங்கள், கப்பல் சரக்கையும் பயணிகளையும் ஏற்றி இறக்குவதற்காக வங்கக் கடலுக்குள் நீட்டிக் கட்டப்பட்ட இரண்டு பாலங்கள். முதலாவதைப் பிரெஞ்சு அரசு 1866இல் கட்டி முடித்தது. இப்போது காந்தி சிலை இருக்கும் இடத்துக்கு நேர் எதிரே அது இருந்தது. இரண்டாவது 1962இல் தெற்கே வம்பாகீரப்பாளையம் மீனவர் குடியிருப்பை ஒட்டி எழுந்தது. ஊர்ப் பேச்சில் 'பழைய துறைமுகம்' என்றால் இந்த இரண்டாவது பாலமும் அதைச் சுற்றிய இடமுந்தான்.

சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகம் அரிது. புதுச்சேரியிலும் கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நின்றுவிடும். அங்கிருந்து கரைவரை உள்ள கொந்தளிப்பான அலைவரிசையைத் தாண்டிச் சரக்கைக் கொண்டுவந்தது மசூலா படகு. இதன் பலகைகளை ஆணி அடித்து இணைப்பதில்லை. கயிற்றால் தைத்து, மூட்டுகளில் வைக்கோலைத் திணித்து அடைப்பார்கள். மணலில் மோதும்போது தைத்த பலகை நெகிழ்ந்துகொடுக்கும்; ஐரோப்பியப் படகோ பிளந்துபோகும். ஆளுநரே ஆனாலும் கரையோர மீனவர்களின் துடுப்பை நம்பித்தான் நிலத்தில் கால் வைக்க வேண்டியிருந்தது. குடியேற்ற வரலாற்றை எழுதியவர்கள் இதற்குத் தந்த இடம் மிகக் குறைவு.

இரும்புத் தூண்கள்மேல் ஏறத்தாழ 250 மீட்டர் நீண்ட முதல் பாலம் இந்த நிலையைப் பாதிதான் மாற்றியது. கப்பல் பாலத்தை அணைந்து நிற்க முடியாது. சரக்கு படகில் பாலத்தின் தலைப்புவரை வந்து, அங்கே மேலே தூக்கப்பட்டது. அலை உடையும் இடம் பாலத்துக்கு அடியில் போய்விட்டதால் மூட்டை நனையாமல் கரை சேர்ந்தது, அவ்வளவே. 1879இல் விழுப்புரத்திலிருந்து ரயில் வந்தபின், உள்நாட்டு மணிலாக் கொட்டை மார்சேய் எண்ணெய் ஆலைகளுக்குப் போக இதுவே வழியாயிற்று. 1870இல் பாலத்தின் முகப்பில் முன்னாள் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சுக்குச் சிலை வைத்தார்கள். பின்னாளில் அந்த இடத்துக்குக் காந்தி வந்தார். துய்ப்ளேக்ஸ் கடற்கரைச் சாலையின் தென்கோடிக்கு நகர்த்தப்பட்டார். காந்தி சிலையைச் சூழ்ந்த கல்தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை.

1952ஆம் ஆண்டுப் புயலில் இந்தப் பாலம் அழிந்தது. இரண்டாண்டில், 1954 நவம்பர் 1 அன்று, நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. புதிய அரசு வேறிடத்தில் 1956இல் வேலையைத் தொடங்கி, 284 மீட்டர் நீளத்தில் இரண்டாவது பாலத்தைக் கட்டியது. ஆனால் காலம் அதற்குச் சாதகமாக இல்லை. பெரிய கப்பல்களும் பெரும்பகுதி வணிகமும் சென்னைத் துறைமுகத்துக்குப் போய்விட்டன.

பாலத்தின் கதையைவிடக் கரையின் கதை கசப்பானது. 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். வடகிழக்குப் பருவக்காற்றின்போது மட்டும் திசை மாறும். சுவர்கள் மணலை மறித்தன. வடக்கே நகரக் கடற்கரை தேய்ந்து, கருங்கல் கொட்டிய கரையாகிவிட்டது. கல் கொட்டக் கொட்ட அரிப்பு இன்னும் வடக்கே, மீனவக் கிராமங்களின் பக்கம் தள்ளிப்போனது. வலை உலர்த்தவும் படகு ஏற்றிவைக்கவும் மணல் இல்லாத மீனவர் குப்பம் தொழில் செய்ய முடியாத இடம் என்பது கல் கொட்டியவர்களுக்குத் தெரியாமல் போனது வியப்பே. 2018இல் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்தருகே கடலுக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்தபின் நகரக் கரையில் மணல் ஓரளவு திரும்பியது.

சரக்கில்லாத இரண்டாவது பாலம் தூண்டில்காரர்களுக்கும் படப்பிடிப்புக் குழுக்களுக்கும் உரியதாகி, பராமரிப்பின்றித் தூண்களில் துரு ஏற நின்றது. 2022 மார்ச் 6 அன்று, வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு நிலவியபோது, அதன் ஒரு பகுதி அலையில் இடிந்து விழுந்தது.

இதைப் பிரெஞ்சுக்காரர் கட்டிய பாலம் என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு, அது தவறு. பிரெஞ்சுக்காரர் கட்டியது புயலில் போன முதல் பாலம் மட்டுமே.