எம்2: ஒன்ராறியோவில் பிறந்து இலங்கையில் ஓடிய புகையிரத இயந்திரங்கள்

ரொறன்ரோவுக்கு விமானத்தில் வரும் தமிழர் பெரும்பாலும் முதலில் கால் வைப்பது மிசிசாகாவில்தான். அங்குள்ள பியர்சன் சர்வதேச விமான நிலையம் 1984 இல் கனடாவின் முன்னாள் பிரதமர் லெஸ்டர் பியர்சனின் பெயரைப் பெற்றது. 1950 ஜனவரியில், கனடாவின் வெளிவிவகார அமைச்சராக இருந்த இதே பியர்சன் கொழும்பில் இருந்தார். பொதுநலவாய நாடுகளின் வெளிநாட்டமைச்சர்கள் கூடிய அந்த மாநாட்டில் கருக்கொண்டதுதான் கொழும்புத் திட்டம். அதன் பயனாக இலங்கைக்கு வந்த உதவிகளுள் யாழ்ப்பாணத்தவர் பலர் அறியாமலே பயன்படுத்திய ஒன்று உண்டு. அது எம்2 வகை டீசல்-மின் புகையிரத இயந்திரம்.

தோற்றம்

இலங்கைப் புகையிரதப் பகுதி ஐம்பதுகளின் தொடக்கத்தில் நீராவியிலிருந்து டீசலுக்கு மாறத் தலைப்பட்டது. முதலில் வந்தவை பிரித்தானியாவின் பிரஷ் பாக்னல் நிறுவனம் 1953 முதல் அனுப்பிய எம்1 வகை இயந்திரங்கள், மொத்தம் 25. அவை எதிர்பார்த்தபடி நீண்ட நாள் உழைக்கவில்லை.

1954 இல் கனடாவின் நன்கொடையாக எம்2 வந்து சேர்ந்தது. இவற்றைக் கட்டிய ஜெனரல் மோட்டர்ஸ் டீசல் நிறுவனத்தின் தொழிற்சாலை ஒன்ராறியோ மாகாணத்து லண்டன் நகரில் இருந்தது. மிசிசாகாவிலிருந்து நெடுஞ்சாலை 401 வழியே மேற்கே போனால் இரண்டு மணி நேரத்துக்குள் அடையக்கூடிய இடம். உதவி பணமாக அன்றிப் பொருளாக வந்தமையால், அது கனடியத் தொழிலாளருக்கும் வேலை தந்தது என்பதை மறந்துவிடலாகாது. அக்காலத்து உதவித் திட்டங்கள் பலவற்றின் இயல்பு அது.

முதலில் வந்தவை ஐந்து. பின் தவணை தவணையாக அறுபதுகளின் நடுப்பகுதிவரை சேர்ந்து மொத்தம் 14 ஆயின. கொடுத்த நாட்டை நினைவுகூருமுகமாக ஒன்ராறியோ, அல்பேர்ட்டா, பிரிட்டிஷ் கொலம்பியா, மனிற்றோபா என்று கனடிய மாகாணங்களின் பெயர்கள் இயந்திரங்களின் பக்கத்தில் பொறிக்கப்பட்டன. மொன்றியல், வன்கூவர் என்ற நகரப் பெயர்களும் பின்னர் சேர்ந்தன.

அமைப்பு

எம்2, ஜி12 என்ற ஏற்றுமதி மாதிரியைச் சேர்ந்தது. அதன் உள்ளே இருப்பது 12 உருளைகள் கொண்ட, ஈரடிப்பு முறையில் இயங்கும் 567 வரிசை டீசல் எஞ்சின். 567 என்பது ஓர் உருளையின் கொள்ளளவைக் கன அங்குலத்தில் குறிக்கும் எண். ஜி12 மாதிரியின் வளர்ந்த வடிவம் 1425 குதிரைத்திறன் தரவல்லது.

டீசல் எஞ்சின் சக்கரங்களை நேரடியாகச் சுழற்றுவதில்லை. அது ஒரு மின்பிறப்பாக்கியைச் சுழற்றுகிறது. அதில் பிறக்கும் மின்சாரம் அச்சுகளோடு பொருத்தப்பட்ட மோட்டார்களுக்குப் போகிறது. நின்ற நிலையிலிருந்து பாரமான வண்டியை இழுத்தெடுக்க இம்முறை மிகவும் ஏற்றது. முதலில் வந்த எம்2 இயந்திரங்களில் முன்னும் பின்னும் மும்மூன்று அச்சுகள் இருந்தன; ஒவ்வொரு மூன்றிலும் நடு அச்சுக்கு மோட்டார் இல்லை. அது இழுப்பதற்கன்று, பாரத்தைப் பகிர்ந்து தண்டவாளத்தைக் காப்பதற்கு.

பணிக்காலம்

புகையிரதப் பொறியியலாளரும் பின்னர் பொது முகாமையாளருமான பி. டி. ரம்பலாவின் காலத்தில்தான் பெயர் சூட்டிய கடுகதி வண்டிகள் தோன்றின. 1955 இல் ருகுணு குமாரி தெற்கே ஓடியது. 1956 ஏப்ரல் 23 இல் யாழ்தேவி கொழும்பு கோட்டைக்கும் காங்கேசன்துறைக்குமிடையே ஓடத் தொடங்கியது. ஏறக்குறைய 400 கிலோமீற்றர் நீளமான இந்தப் பாதையில் யாழ்தேவியை இழுத்தவற்றுள் எம்2 இயந்திரங்களும் அடங்கும். கொழும்பில் உத்தியோகம் பார்த்து, விடுமுறைக்குக் 'கோச்சி'யில் ஊர் திரும்பிய ஒரு தலைமுறை கனடாவின் மாகாணப் பெயர்களை முதலில் வாசித்தது இந்த இயந்திரங்களிலாகவும் இருக்கலாம். அவர்களின் பிள்ளைகள் அந்த மாகாணங்களிலேயே குடியேறுவார்கள் என்று அன்று யாரும் எண்ணியிருக்க முடியாது.

1990 ஜூனில் போர் காரணமாக யாழ்தேவியின் வடபகுதிப் பயணம் நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. இந்தியாவின் இர்கோன் நிறுவனம் பாதையை மீண்டும் அமைத்தபின், 2014 ஒக்டோபர் 13 இல் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரி 2 இல் காங்கேசன்துறைக்கும் சேவை மீண்டது. இயந்திரங்களுக்கு அது 24 ஆண்டுக் காலம் மூடிய பாதை. மக்களுக்கோ பலர் வாழ்நாளில் திரும்பாத பாதை.

மனிற்றோபா

எம்2 வரலாற்றில் தனித்து நிற்பது 591 ஆம் இலக்க மனிற்றோபா. 2004 டிசம்பர் 26 காலை கொழும்பிலிருந்து மாத்தறைக்குப் போன வண்டியை இழுத்தது அதுவே. பெரலிய என்னுமிடத்தில் முதல் அலை வந்ததும் வண்டி நின்றது. ஊர்மக்களும் பாதுகாப்புத் தேடி அதில் ஏறினர். அடுத்து வந்த பேரலை இயந்திரத்தையும் பெட்டிகளையும் தண்டவாளத்தை விட்டுத் தூக்கியெறிந்தது. குறைந்தது 1,700 பேர் மாண்டனர். உலகப் புகையிரத வரலாற்றில் இவ்வளவு உயிர்ப்பலி கொண்ட விபத்து வேறில்லை எனலாம்.

சிதைந்த மனிற்றோபா இரும்புக்கடைக்குப் போகவில்லை. அது திருத்தப்பட்டு மீண்டும் சேவைக்கு வந்தது. நினைவு நாளில் பெரலியவுக்கும் ஓடியது.

பின்னுரை

எழுபதுகளில் மொன்றியலில் கட்டிய எம்4 இயந்திரங்கள் வந்து சேர்ந்தபோது கனடிய உறவு தொடர்ந்தது. எம்2 ஐப் பெற்ற லண்டன் தொழிற்சாலையோ 2012 இல் மூடப்பட்டது. தொழிலாளரின் சம்பளத்தைப் பெருமளவு குறைக்க முயன்ற நிருவாகம் புத்தாண்டு நாளில் வாயிற்கதவைப் பூட்டியது. மறுமாதமே மூடுவிழா அறிவித்தது. மிசிசாகா வழியாகச் செல்லும் கோ ட்ரான்சிட் மில்ற்றன் பாதையில் ஓடிய எஃப்59 இயந்திரங்களும் அங்கு பிறந்தவையே.

பிறந்த வீடு போயிற்று. ஆனால் எம்2 களிற் சில 2020களிலும் இலங்கையில் பணியில் இருந்தன. நன்கொடை கொடுத்தவரின் பெயர் இயந்திரத்தின் பக்கத்தில் இருக்கிறது. அதை அரை நூற்றாண்டுக்கு மேலாக ஓடவைத்த இரத்மலானைப் பட்டறைத் தொழிலாளரின் பெயர்கள் எங்கும் பொறிக்கப்படவில்லை.