கள்ளும் கருப்பணியும்: ஒரே பாளையின் இரு வழிகள்

பனம்பாளையில் ஊறும் சாறு கள்ளாகப் பிறப்பதில்லை. சீவிய பாளையின் முனையிலிருந்து சொட்டும் அந்தக் கணத்தில் அது வெறும் இனிப்பு நீர். அதனை ஏந்தும் முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசப்பட்டிருந்தால் கருப்பணியாகக் கீழே இறங்குகிறது. பூசப்படாவிட்டால் காற்றிலும் முட்டியிலும் குடியிருக்கும் மதுவம் என்னும் நுண்ணுயிர் சாற்றிலுள்ள வெல்லத்தைத் தின்று மதுசாரமாக மாற்றிவிடுகிறது. சுண்ணாம்பு சாற்றைக் காரத்தன்மை உடையதாக்கி அந்த நுண்ணுயிரின் கையைக் கட்டிப்போடுகிறது. அதே மரம், அதே பாளை, அதே தொழிலாளி, அதே கத்தி. இடையில் இருப்பது ஒரு பூச்சுச் சுண்ணாம்பு மட்டுமே.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக யாழ்ப்பாணத்தில் நடந்துவந்த மதுவொழிப்புப் பிரசாரத்தின் வரலாற்றைப் படிக்கும்போது இந்தச் சிறு உண்மை எவ்வளவு குறைவாகக் கவனிக்கப்பட்டது என்பது வியப்பளிக்கிறது. 'குடிக்காதே' என்று சொன்னவர்கள் பலர். 'இதற்குப் பதிலாக இதைக் குடித்துப் பார்' என்று நீட்டியவர்கள் மிகச் சிலர். குடிக்கும் நண்பனொருவனிடம் மதுவற்ற பானத்தை எடுத்துச் சென்று, அவனது ஏளனச் சிரிப்பை எதிர்கொண்ட எவரும் இந்த வேறுபாட்டை உணர்வர்.

புங்குடுதீவின் ஒரு பகுதியான இறுப்பிட்டியை எடுத்துக்கொள்வோம். தீவகத்தின் பல ஊர்களைப் போலவே அங்கும் கிணற்று நீரில் உவர்ப்பு ஏறியிருப்பது நெடுநாட் துன்பம். நன்னீர் அரிதான மண்ணில் பனை வளமாக நிற்கிறது. பாளை வரும் பருவத்தில் ஒவ்வொரு மரமும் காலையும் மாலையும் ஒரு குடிநீரைத் தருகிறது. அந்த நீரைக் கள்ளாகவும் இறக்கலாம், கருப்பணியாகவும் இறக்கலாம், காய்ச்சிப் பனங்கட்டியாகவும் குட்டானில் வார்க்கலாம். தீவக மக்களின் வாழ்வு இம்மரத்தை எவ்வளவு சார்ந்திருந்தது என்பதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1850 இல் கொழும்பில் வில்லியம் பெர்குசன் பனையைப் பற்றி ஒரு தனி நூலையே வெளியிட்டார். பனையின் 801 பயன்களை அடுக்கிய 'தாலவிலாசம்' என்ற தமிழ்ச் செய்யுள் நூலை அவர் அதில் குறிப்பிடுகிறார். எண்ணூற்றொரு பயன்களுள் கள் ஒன்று மட்டுமே. ஆனால் பனை என்றதும் வெளியூரவர் நினைவுக்கு முதலில் வருவது அந்த ஒன்றுதான்.

யாழ்ப்பாணத்தில் குடிக்கு எதிரான குரல் இரு முகாம்களிலிருந்தும் எழுந்தது. 1816 முதல் இங்கு பணியாற்றிய அமெரிக்க மிசனரிமார் குடியைப் பாவமாகக் கண்டு போதித்தனர். சமயத்தில் அவர்களுக்கு எதிரணியில் நின்ற ஆறுமுக நாவலரும் (1822-1879) இந்த ஒரு விடயத்தில் அவர்களுடன் உடன்பட்டார். அவருடைய நான்காம் பாலபாடத்தில் கொலை, களவு ஆகியவற்றுடன் கள்ளுண்ணலும் கண்டிக்கப்படுகிறது. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கையில் இதில் புதுமை எதுவும் இல்லை எனலாம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது அரசியலாக மாறியது. 1904 இல் தென்னிலங்கைச் சிங்களக் கிராமங்களில் மதுவொழிப்பு இயக்கம் மூண்டது. 1912 இல் மதுவரிச் சட்டத்தின் கீழ் கள்ளுக்குத் தனியான தவறணைகள் திறக்கப்பட்டபோது அது மீண்டும் பெருந்தீயாகப் பரவியது. பின்னாளில் நாட்டின் தலைமைக்கு வந்த சேனநாயக்க சகோதரர்களின் பொதுவாழ்வு இவ்வியக்கத்தோடு பின்னிப் பிணைந்தது. 1927 நவம்பர் மாத இறுதியில் மாணவர் காங்கிரசின் அழைப்பில் யாழ்ப்பாணம் வந்த காந்தியடிகள் கதரையும் தீண்டாமை ஒழிப்பையும் போலவே மதுவிலக்கையும் வலியுறுத்தினார்.

இவ்வளவு பெரிய முயற்சிகளின் பின்பும் மாலையானதும் கள்ளுக்கொட்டிலுக்குச் செல்லும் கால்கள் நிற்கவில்லை. ஏன் என்ற வினாவுக்கு மனித பலவீனம் என்று ஒரு சொல்லில் விடை கூறிவிடலாம். அது முழு விடையாகாது.

முதலாவது காரணம் மரத்தில் ஏறியவரின் வயிறு. தளைநாரைக் காலில் மாட்டி, பாளைக்கத்தியை இடுப்பில் செருகி, நாளுக்கு இருமுறை மரம் மரமாக ஏறி இறங்கிய சீவல் தொழிலாளர்கள் சாதி அமைப்பின் அடித்தட்டில் வைக்கப்பட்டிருந்தார்கள். அவர்கள் இறக்கிய கள்ளை மறைவில் அருந்தியவர்கள் பகலில் அவர்களைத் தம் வாசற்படி ஏற விடவில்லை. மதுவொழிப்பு மேடைகளில் கள் மட்டுமல்ல, கள்ளிறக்கியவனும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டான். அவன் முட்டியில் சுண்ணாம்பு பூசினால் அன்றாடம் கையில் விழும் காசு குறையும். கருப்பணியை உடனே விற்க வேண்டும், அல்லது விறகு தேடி, அடுப்பின் முன் மணிக்கணக்கில் நின்று காய்ச்ச வேண்டும். காய்ச்சும் வேலை பெரும்பாலும் அவன் வீட்டுப் பெண்களின் தலையில் விழும். கள்ளுக்கோ வாங்குபவர் மரத்தடிக்கே வந்து நிற்பார். இந்தக் கணக்கைத் தீர்க்காத போதனை மரத்தின் உச்சியை எட்டவில்லை.

தமிழகத்தில் இதே சிக்கல் வேறுவிதமாகக் கையாளப்பட்டது. 1920களின் தொடக்கத்தில், காங்கிரசில் இருந்த பெரியார் ஈ. வெ. இராமசாமி, கள்ளுக்குப் பயன்பட்ட தமது தோப்பின் தென்னைகள் ஐந்நூறுக்கு மேற்பட்டவற்றை வெட்டிச் சாய்த்தார். கொள்கைக்காகத் தன் சொத்தை அழித்த அந்தத் துணிவு இன்றும் பேசப்படுகிறது. 1937 ஒக்டோபர் 1 ஆம் திகதி இராஜாஜியின் அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொணர்ந்தபோது, கள் இறக்கியவர்களின் பிழைப்பு என்னாவது என்ற கேள்வியைத் தவிர்க்க இயலவில்லை. சுண்ணாம்பு பூசிய கலயத்தில் பதநீர் இறக்குவதும் வெல்லம் காய்ச்சுவதும் மாற்றாக முன்வைக்கப்பட்டன. காந்தியடிகளும் அக்காலத்தில் பனைவெல்லத் தொழிலை ஊக்குவித்து வந்தார். மரத்தை வெட்டுவது ஒரு வழி. முட்டிக்குச் சுண்ணாம்பு பூசுவது மற்றொரு வழி. பின்னதில் மரமும் தொழிலாளியும் மிஞ்சுகிறார்கள்.

இரண்டாவது காரணம் அருந்துபவரின் நாக்கும் அவரது மாலைப் பொழுதும். இதனைப் புரிந்துகொள்ள உலகின் வேறு மூலைகளை ஒருமுறை எட்டிப் பார்ப்பது நன்று. 1832 இல் இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரில் ஜோசப் லிவ்சி உள்ளிட்ட எழுவர் எந்த மதுவையும் தொடுவதில்லை என்று உறுதிமொழியில் ஒப்பமிட்டார்கள். அவ்வியக்கத்தினர் உறுதிமொழியோடு நின்றுவிடவில்லை. மது விற்காத விடுதிகளும் காப்பிக் கடைகளும் அதன் வழியில் எழுந்தன. தவறணையைத் துறந்தவனுக்கு மாலையில் போய் உட்கார ஓர் இடம் வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

1869 இல் அமெரிக்காவில் தோமஸ் வெல்ச் என்ற பல்வைத்தியர், திராட்சைச் சாற்றைச் சூடாக்கி நொதிக்காமல் காக்கும் முறையைக் கண்டார். தேவாலயத் திருவிருந்தில் வைனுக்குப் பதிலாக அது பயன்படவேண்டும் என்பது அவர் நோக்கம். நம் சீவல் தொழிலாளி சுண்ணாம்பால் செய்ததையே அவர் நெருப்பால் செய்தார். 1876 இல் பிலடெல்பியாக் கண்காட்சியில் சார்ல்ஸ் ஹயர்ஸ் என்ற மருந்து வணிகர் வேர்களாலும் மூலிகைகளாலும் ஆன தமது பானத்தை அறிமுகப்படுத்தினார். 'வேர்த் தேநீர்' என்று பெயரிட எண்ணியிருந்தவர், சுரங்கத் தொழிலாளர்கள் தேநீர் என்றால் திரும்பியும் பாரார் என்று நண்பரொருவர் கூறியதால் 'ரூட் பியர்' என்று மாற்றினார் என்பது கதை. 1908 இல் மான்செஸ்டரில் பிறந்த விம்டோவும் மதுவொழிப்புக் காலத்தின் பிள்ளையே. இவற்றை விற்றவர்கள் குடிப்பவரை நோக்கி அறம் பேசவில்லை. ஒரு சுவையை நீட்டினார்கள், அதற்கொரு பெயரையும் இடத்தையும் கொடுத்தார்கள்.

நம்மிடம் கருப்பணிக்கு அத்தகைய இடம் வாய்க்கவில்லை. அது சிறுவர்களின் பானமாகவும் காலைப்பொழுதின் பானமாகவும் வீட்டு முற்றத்திலேயே நின்றுவிட்டது. ஆண்கள் கூடியிருந்து கதைபேசும் கொட்டிலுக்குள் அது நுழையவில்லை. குடிக்கும் நண்பரிடம் கொடுத்தால் 'சீனித்தண்ணி' என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. கள் அருந்துபவர் தேடுவது வெறியை மட்டுமன்று. புளிப்பு, மெல்லிய கைப்பு, நுரை, நாக்கைக் கடிக்கும் ஒரு காரம், அதனோடு வரும் மீன்பொரியல், அவசரமின்றி நீளும் பேச்சு ஆகிய அனைத்தையும் சேர்த்தே அவர் தேடுகிறார். ஒரே மூச்சில் குடித்து முடியும் வெறும் இனிப்பு இவற்றுள் எதையும் தருவதில்லை.

ஆயினும் விடை நம் வீடுகளிலேயே இருந்தது. கருப்பணிக்குள் மாங்காயைச் சீவிப் போட்டுச் சற்று ஊறவிட்டால் இனிப்பின் முதுகெலும்பு முறிந்து புளிப்புத் தலைகாட்டும். விடியற்காலைக் குளிர் மாறாமல் அதனைப் பனையோலைப் பிளாவில் வார்த்துக் கொடுத்துப் பாருங்கள். ஏளனம் செய்தவரே இரண்டாம் முறை பிளாவை நீட்டக்கூடும்.

மாலைக்கு உரியது ஒடியற்கூழ். இதனைப் பானம் என்பதா உணவு என்பதா என்று வழக்காடலாம். ஆனால் கள்ளுக்கு உண்மையான போட்டியாளர் யாழ்ப்பாணத்தில் அதுவே என்பது என் கருத்து. பனங்கிழங்கைப் பிளந்து காயவைத்து இடித்த ஒடியல் மா, நண்டு, இறால், மீன், பயற்றங்காய், பலாக்கொட்டை, அரைத்த செத்தல் மிளகாய், பழப்புளி ஆகியன ஒரே பானையில் கொதிக்கும். சுற்றியிருந்து, அதே பிளாவில், சுடச்சுட, மெல்ல மெல்ல உறிஞ்ச வேண்டும். வியர்வை அரும்பும், கண் கலங்கும், பேச்சு நீளும். தீவகத்தில் கடலுணவுக்குப் பஞ்சமில்லை. கள் தரும் கூட்டத்தையும் காரத்தையும் நேரத்தையும் கூழ் தருகிறது. மறுநாட் காலைத் தலைவலியை மட்டும் தருவதில்லை. ஆடிப்பிறப்பன்று பனங்கட்டியிட்டுக் காய்ச்சும் இனிப்புக் கூழை நவாலியூர் சோமசுந்தரப் புலவர் தம் பாடலால் நிலைபெறச் செய்தார். ஒடியற்கூழுக்கு அப்படி ஒரு புலவர் தேவைப்படவில்லை. அதன் மணமே ஊரைக் கூட்டிவிடும்.

சுதந்திர இலங்கையில் சீவல் தொழிலாளரின் நிலையை மாற்றும் முயற்சிகளும் நடந்தன. 1970களில் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் உருவாகி, தவறணைக் குத்தகைக்காரரின் பிடியிலிருந்து தொழிலாளரை ஓரளவு விடுவித்தன. 1978 இல் பனை அபிவிருத்திச் சபை அமைந்தது. பனங்கட்டி, பனஞ்சாற்றுப் பாணி முதலிய பொருள்களுக்கு ஊக்கம் கிடைத்தது. அதே வேளையில் கள்ளைப் போத்தலில் அடைப்பதும், வடமராட்சியின் திக்கத்தில் கள்ளிலிருந்து சாராயம் வடிப்பதும் இத்துறையின் வருவாயாகவே இருந்தன. இதனைக் குறைகூற முன்னர் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். சாறு தானாகவே நொதித்துவிடும். அதனை நொதிக்காமல் காப்பதற்குக் குளிரும் சூடும் கருவியும் முதலீடும் வேண்டும். சந்தை எளிதான வழியில் போவது இயல்பே.

பின்னர் போர் வந்தது. இலட்சக்கணக்கான பனைகள் காவலரண்களுக்கும் செல்வீச்சுக்கும் பலியாயின. 1991 இல் புங்குடுதீவு மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்தனர். இறுப்பிட்டியில் பிறந்த பலரும் இன்று பாரிஸிலும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சுவிற்சர்லாந்திலும் வாழ்கிறார்கள். பனை இல்லாத அந்த நாடுகளில் நம்மவர் கூடும் விருந்துகளில் போத்தல்கள் நிறைந்திருக்கின்றன. குடியாதவர் கையில் ஒரு குவளை சோடாவுடன் ஒதுங்கி நிற்கிறார். மதுசாரம் நீக்கிய பியர் அங்குள்ள கடைத்தட்டுகளை நிறைக்கத் தொடங்கியிருப்பதால் இன்று அவருக்கும் ஒரு தெரிவு உண்டு. அதனைக் கண்டு 'இது எதற்கு?' என்று சிரிப்பவர்களும் உண்டு.

அந்தச் சிரிப்புக்கு மேற்சொன்ன வரலாறு சில வழிகளைக் காட்டுகிறது. மதுவற்ற பானத்தைத் தண்டனை போலவோ மருந்து போலவோ நீட்டக்கூடாது. அதனைக் குடிப்பவன் திருந்தியவன், குடியாதவன் கெட்டவன் என்ற பிரிவினையைக் கொண்டுவரக்கூடாது. மதுவின் போலியாக அதனைக் காட்டினால் நண்பர் ஒப்பிட்டுத் தோற்கடித்துவிடுவார். தனக்கென ஒரு சுவையுள்ள பானமாகக் காட்டினால் அவர் நாக்கு நியாயம் சொல்லும். எல்லாவற்றிலும் முக்கியமாக, அதே மேசையில் அதே குவளையில் அதற்குச் சம ஆசனம் அளிக்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகளும் அவசியம். கருப்பணியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வெல்லமே. நீரிழிவு உள்ளவர்களுக்கு அது உகந்ததன்று. நெடுங்காலம் மிகுதியாகக் குடித்து உடல் பழகிப்போன ஒருவருக்கு இந்தப் பானங்கள் சிகிச்சை ஆகா. அத்தகையோர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் ஏற்படலாம். அவர்கள் மருத்துவரின் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். நான் பேசுவது, பழக்கத்தினாலும் கூட்டத்தினாலும் குடிக்கும் பெரும்பான்மையோரைப் பற்றியே.

தீவகத்தில் எஞ்சிய பனைகள் இன்றும் பாளை விடுகின்றன. ஏறுவதற்கு ஆட்கள் குறைந்து வருகிறார்கள்; தந்தையின் தொழிலோடு தந்தை பட்ட அவமதிப்பையும் சுமக்கப் பிள்ளைகள் விரும்பவில்லை. ஒரு பிளா கருப்பணிக்கு ஒரு போத்தல் கள்ளுக்குரிய விலையையும், அதனை இறக்கியவருக்கு நம் திண்ணையில் ஓர் ஆசனத்தையும் கொடுக்க நாம் ஆயத்தமாக இருந்தால், முட்டிக்குச் சுண்ணாம்பு பூசுமாறு யாரும் அவருக்குப் போதிக்க வேண்டியிராது.