ஆண் உடையில் அரசாண்ட ஞானாம்பாள்

வேலை முடிந்து வீடு திரும்பும் மகள் நேரே அடுப்படிக்குப் போகிறாள். அவளுக்குப் பின்னால் வந்த மகன் தொலைக்காட்சி முன் அமர்கிறான். "அவன் ஆம்பளப் பிள்ள, விடு" என்கிறார் பாட்டி. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பல வீடுகளில் இன்றும் காணும் காட்சிதான் இது. தமிழின் முதல் நாவலும் இப்படி ஒரு செல்லப்பிள்ளையோடுதான் தொடங்குகிறது என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-இல் வெளிவந்தது. கதாநாயகன் பிரதாபன் செல்வந்தர் வீட்டுப் பிள்ளை. சொத்து இருப்பவனுக்குப் படிப்பு எதற்கு என்பது அவன் கட்சி. அவன் பாடம் படிக்காவிட்டால் உடன் படிக்கும் வேறொரு சிறுவன்தான் அடி வாங்க வேண்டும்! உழைப்பிலிருந்து நழுவுகிறவன் இங்கே ஆண். அவனைத் திருத்தப் பாடுபடுகிறவர் தாயார்.

அவன் மனைவி ஞானாம்பாளோ அறிவிலும் துணிவிலும் அவனை மிஞ்சியவள். காணாமல் போன கணவனைத் தேடி ஆண் வேடத்தில் புறப்படுகிறாள். அரசன் இல்லாத விக்கிரமபுரியில் பட்டத்து யானை அவள் கழுத்தில் மாலை போட, அவளே அரசனாகிறாள். பிரதாபன் அப்போது அதே ஊர்ச் சிறையில்! செருப்புத் தைப்பவரிடம் "உன்னைச் சந்தோஷப்படுத்துகிறேன்" என்று வாக்களித்து, எதைக் கொடுத்தும் அவர் சந்தோஷப்படாததால் வந்த வழக்கு அது. ஞானாம்பாள் அவரிடம் கேட்பது ஒரே கேள்வி: நான் அரசனானதில் உனக்குச் சந்தோஷமா? இல்லை என்று எப்படிச் சொல்வார்? வழக்கு தீர்ந்தது, கணவன் விடுதலை.

நாட்டுப்புறக் கதை வாசம் வீசுகிறது, உண்மைதான். ஆனால் எழுதியவர் முன்சீப்பாக நீதிமன்றத்தில் அமர்ந்தவர். பெண் கல்விக்காக 1869-இலேயே 'பெண்மதி மாலை' எழுதியவர். அவராலேயே ஒரு பெண்ணைச் சேலையோடு அரியணையில் அமர்த்த முடியவில்லை. முன்னாள் அரசனின் மகளிடம் ஆட்சியை ஒப்படைத்துவிட்டு ஞானாம்பாள் கணவனோடு வீடு திரும்புகிறாள். அவளுக்குத் திறமை இல்லை என்று கதை எங்கும் சொல்லவில்லை. வேடத்தோடு வேலையும் போய்விட்டது, அவ்வளவுதான்.

அ. மாதவையா வேடத்தைக் கலைக்கப் பார்த்தார். அவருடைய 'சாவித்திரியின் கதை' 1892-இல் 'விவேக சிந்தாமணி'யில் தொடராக வந்து பாதியில் நின்றது. அதை விரித்து 1903-இல் 'முத்துமீனாட்சி'யாக வெளியிட்டார். ஒரு விதவைப் பெண் தானே தன் கதையைச் சொல்லி மறுமணமும் செய்துகொள்ளும் நாவல் அது. கிருபாபாய் சத்தியநாதன் 1878-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, உடல்நலக் குறைவால் படிப்பை விட்டவர். வீட்டு வேலைக்கு அப்பால் புத்தகத்துக்கு ஏங்கிய பெண்ணை 'சகுணா' என்னும் ஆங்கில நாவலில் எழுதினார்.

இவர்கள் அனைவரும் படித்த குடும்பத்துப் பெண்களைப் பற்றியே எழுதினார்கள். மாயூரத்துக்கு அருகில்தான் நாகப்பட்டினம். மலாயாவுக்குக் கப்பலேறிய தமிழர்களுக்கு அது முக்கியத் துறைமுகம். ஞானாம்பாள் அச்சேறிய காலத்தில் அங்கே கப்பலேறியவர்களில் பெண்களும் இருந்தார்கள். பெண் வெளியே வேலைக்குப் போகலாமா என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. கிள்ளான் வட்டாரத்தில் முதலில் காப்பி, பிறகு ரப்பர். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, ஆணோடு சமமாக வெயிலில் உழைத்தாலும் கூலி மட்டும் குறைவு. லயத்துக்குத் திரும்பினால் அடுப்பு காத்திருக்கும். ஆண் வேடம் போடாமலே ஆணின் வேலையைச் செய்தவர்கள் இவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெயர்பெற்ற தமிழ் நாவல்கள் எதிலும் இவர்கள் கதாநாயகி ஆகவில்லை.

மலேசிய மண்ணின் முதல் தமிழ் நாவலாகச் சொல்லப்படும் 'கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி' வெளிவந்தது 1917-இல். அதற்குள் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த பெண் பிள்ளைகள், தாயோடு நிரைக்குப் போகும் வயதுக்கு வந்திருந்தார்கள்.