பிராக் நகரத்து எலிகள்

புற்றுநோய் மருந்துகளின் வரலாற்றை எழுதுவோர் மருந்தையே பேசுவர். அதைச் சுமந்து சென்ற பொருளை மறந்துவிடுவர். நீரில் கரையும் பாலிமர்ச் சங்கிலியில் மருந்தைக் கட்டி அனுப்பலாம் என்று 1975இல் ஜெர்மானிய வேதியியலாளர் ரிங்ஸ்டார்ஃப் ஒரு மாதிரியை முன்வைத்தார். பிராக் நகரில் கோப்பெச்செக் குழுவினர் எச்.பி.எம்.ஏ. என்னும் பாலிமரை உருவாக்கினர். பிரிட்டனின் ரூத் டங்கனோடு சேர்ந்து அதில் டாக்ஸோரூபிசினைப் பிணைத்தனர். 1990களில் மனிதரிடமும் சோதனை நடந்தது.

நாம் நின்று நோக்க வேண்டிய இடம் வேறு. தனித்துச் செல்லும் டாக்ஸோரூபிசின் புற்றணுவோடு உடலைக் காக்கும் வெள்ளையணுக்களையும் அழிக்கும். பாலிமரில் கட்டுண்டதோ பெரிய மூலக்கூறாதலின் நல்ல திசுக்களில் எளிதில் நுழையாது. பிராக்கில் பிளாங்கா ரிஹோவா, இம்மருந்தால் குணமான எலிகளுக்கு அதே புற்றணுக்களை மீண்டும் செலுத்திப் பார்த்தார். இம்முறை மருந்து தரப்படவில்லை. ஆயினும் பல எலிகள் பிழைத்தன. அவற்றின் எதிர்ப்பாற்றல் பழைய பகையை நினைவில் வைத்திருந்தது! நோயைக் கொன்றதினும் காவலரைக் கொல்லாது விட்டதே பாலிமரின் பெரும்பணி என்போம்.

எல்லாப் பாலிமருக்கும் இப்பெருமை இல்லை. பாலிஎத்திலீன் கிளைக்காலை அயலானெனக் கண்டு உடல் எதிர்ப்புரதம் சுரப்பதுண்டு. 1983இலேயே விலங்குகளில் இது அறியப்பட்டது. எச்.பி.எம்.ஏ. மருந்தோ மருந்துக்கடை வரை வந்து சேரவேயில்லை.