கரும்புத் தோட்டத்தில் ஒரு நாகூர்க் கொடி

கரீபியக் கடலில் மார்த்தினிக் என்று ஒரு சின்னத் தீவு. அதன் வடகோடியில் பாஸ்-புவாந்த் என்று ஓர் ஊர். கவிஞர் எமே செசேர் 1913இல் பிறந்த ஊர் அது என்பதால் இலக்கியம் படிப்பவர்களுக்குப் பெயராவது தெரிந்திருக்கும். எனக்கு அந்தப் பெயர் வேறு வழியில் வந்து சேர்ந்தது. அந்த வட்டாரத்துக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களின் வாரிசுகள் மாரியம்மனுக்குப் பூசை போடுகிறார்கள். மதுரை வீரனுக்குக் கிடா வெட்டுகிறார்கள். அதே பூசையில் இன்னொருவருக்கும் பங்கு உண்டு. அவருக்குச் சிலை கிடையாது. ஒரு கம்பம், அதில் கொடி, அவ்வளவுதான். அவர் பெயரை நாகூர் மீரா என்கிறார்கள்.

வேளாங்கண்ணியில் குடியிருக்கும் ஒருவன் இதைப் படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. இங்கிருந்து வடக்கே நாகப்பட்டினம், அதைத் தாண்டியதும் நாகூர். அங்கே அடங்கியிருக்கும் ஷாகுல் ஹமீது ஆண்டவரின் கொடி ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போய் அட்லாண்டிக் கடலின் மறுகரையில் ஒரு மாரியம்மன் கோயில் முற்றத்தில் ஏறியிருக்கிறது. கொண்டுபோனவர்கள் யார்? எந்த ஊர்க்காரர்கள்? அவர்கள் பேரும் ஊரும் எழுதிய காகிதம் எங்காவது இருக்குமா? என் தேடலுக்கு இந்த மூன்று கேள்விகள்தான் ஆரம்பம்.

போன கதை ஓரளவு தெரிந்ததுதான். 1848இல் பிரெஞ்சு அரசு அடிமை முறையை ஒழித்தது. விடுதலையானவர்கள் பழைய எசமானர்களிடம் பழைய வேலைக்குத் திரும்ப மறுத்தார்கள். யார் திரும்புவார்கள்? தோட்டக்காரர்களின் கண் பிரெஞ்சிந்தியாவின் மீது விழுந்தது. ஓரேலி என்ற கப்பல் 1853 மே மாதம் மார்த்தினிக்கிலும், 1854 டிசம்பர் 24 அன்று பக்கத்துத் தீவான குவாதலூப்பிலும் முதல் கூலிகளை இறக்கியது. அடுத்த முப்பது முப்பத்தைந்து ஆண்டுகளில் மார்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேரும் குவாதலூப்புக்குச் சுமார் 42,000 பேரும் போனார்கள். பிற்பாடு கல்கத்தாவிலிருந்தும் ஆள் போனதுண்டு. ஆனால் பெரும்பகுதி தமிழர்கள். ஏற்றிவிட்ட துறைகளில் முக்கியமானவை புதுச்சேரியும் காரைக்காலும்.

காரைக்கால் என்றால் நாகூரை அடுத்த ஊர். வாஞ்சூரைத் தாண்டினால் அன்றைக்குப் பிரெஞ்சு மண். சுற்றிலும் பிரிட்டிஷாரின் தஞ்சாவூர் ஜில்லா, அதன் பண்ணையாட்கள், அவர்களின் கடன், பசி. காரைக்கால் டிப்போவுக்கு ஆள் பிடித்துக் கொடுத்த மேஸ்திரிகள் வேட்டையாடியது பிரெஞ்சு எல்லைக்குள் மட்டுமல்ல. எங்கள் ஜில்லாவின் ஆட்களை எல்லை தாண்டிக் கடத்திக்கொண்டு போகிறார்கள் என்று பிரிட்டிஷ் அதிகாரிகள் புகார்மேல் புகார் எழுதினார்கள். அந்தப் புகாரில் கூலிகள் மேல் இருந்த இரக்கம் எவ்வளவு, தஞ்சாவூர் வயலுக்கு ஆள் குறையுமே என்ற மிராசுதார் கவலை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

இந்தச் சண்டை 1861 ஜூலை 1 அன்று பிரான்சும் பிரிட்டனும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் முடிந்தது. பிரிட்டிஷ் இந்தியக் குடிகளைப் பிரெஞ்சுக் குடியேற்றங்கள் இனி வெளிப்படையாகவே அழைத்துப் போகலாம். ஒப்பந்தக் காலம் ஐந்து ஆண்டுக்கு மேல் கூடாது; முடிந்ததும் இலவசமாகத் திருப்பி அனுப்ப வேண்டும்; கப்பலில் ஏறும் ஆண்களின் எண்ணிக்கையில் கால் பங்காவது பெண்கள் இருக்க வேண்டும்; துறைமுகத்தில் பிரிட்டிஷ் பிரதிநிதி ஒருவர் பார்த்துக்கொள்வார். தேடுபவனுக்கு இந்த ஆண்டு ஒரு மதில். 1861க்கு முன் பிரெஞ்சுத் துறைகளில் ஏறியவர்களைப் பிரிட்டிஷ் தரப்பு எண்ணிப் பார்க்கவே இல்லை. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் குடிபெயர்வு பற்றிய சென்னை அரசுக் கோப்புகள் உண்டு. கடிதம், கண்டனம், விளக்கம், மறுவிளக்கம் எல்லாம் அதில் கிடைக்கும். ஓரேலியில் ஏறிய ஒருவரின் ஊர்ப்பெயரை அதில் தேடுவது வீண்.

பிறகு பிரெஞ்சுத் தரப்பு. கடல் கடந்த நாடுகளுக்கான பிரெஞ்சு தேசிய ஆவணக் காப்பகம் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரில் இருக்கிறது. மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் பழைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளை அவர்கள் இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். வேளாங்கண்ணியில் உட்கார்ந்துகொண்டே, வெளியே வேண்டுதல்காரர்களின் பேண்டு வாத்தியம் கேட்கக் கேட்க, 19ஆம் நூற்றாண்டுத் தோட்டமொன்றில் நடந்த சாவைப் படிக்கலாம்.

அந்தப் பதிவேடுகள் இன்று இருப்பதே ஓர் அதிசயம். 1902 மே 8 அன்று பெலே எரிமலை வெடித்தது. தீவின் பெருநகரமான சேன்-பியேர் சில நிமிடங்களில் அழிந்தது. சுமார் 28,000 பேர் மாண்டார்கள். நகரத்தில் இருந்த காகிதமும் அவர்களோடு போனது. ஆனால் 1776இல் பிரெஞ்சு அரசன் போட்ட ஓர் ஆணை அதற்கு முன்பே காரியத்தைச் சாதித்திருந்தது. குடியேற்றங்களின் பதிவேடுகளுக்குப் பிரதி எடுத்துப் பிரான்சுக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது அந்த ஆணை. சூறாவளி, கரையான், தீ எல்லாவற்றையும் நினைத்துப் போட்ட உத்தரவு. எரிமலை அவர்கள் நினைப்பில் இருந்திருக்காது. காப்பாற்றுவதற்குப் பெரிய தத்துவம் எதுவும் தேவையில்லை, இரண்டாவது பிரதி ஒன்று வேறு ஊரில் இருந்தால் போதும் என்று எனக்கு அழுத்தமாகத் தோன்றியது இதைப் படித்தபோதுதான். நம் கடற்கரை ஊர்களில் கோயில் கணக்கோ, பங்குக் கோயில் பதிவேடோ, தர்கா ஏடோ எத்தனைக்கு அப்படி இரண்டாவது பிரதி இருக்கிறது? 2004 டிசம்பர் 26 சுனாமியைப் பார்த்த கரை இது.

பதிவேட்டில் என்ன இருக்கிறது? பெயர், வயது, கூலிக்குக் கொடுத்த எண், வேலை செய்த தோட்டம். பெயர்கள் பிரெஞ்சு எழுத்தரின் காதில் விழுந்தபடி. முத்துசாமி, ராமசாமி, வீரசாமி, பெருமாள், சிதம்பரம் என்று நாம் எளிதில் கண்டுபிடித்துவிடலாம். நம்மூரில் ஒருவனுக்கு இருந்தது ஒற்றைப் பெயர். அங்கே குடும்பப் பெயர் கட்டாயம் என்பதால் அப்பன் பெயரே வம்சத்தின் பெயராகி உறைந்துவிட்டது. அதனால்தான் குவாதலூப்பில் இன்றும் முத்துசாமிகள் குடும்பம் குடும்பமாக இருக்கிறார்கள். அப்படியொரு வம்சத்தில் 1863இல் பிறந்தவர்தான் ஆன்றி சிதம்பரம். இந்தியக் கூலிகளின் பிள்ளைகளுக்கும் பிரெஞ்சுக் குடியுரிமையும் வாக்குரிமையும் உண்டு என்று 1904இல் வழக்கைத் தொடங்கி 1923இல் வென்றவர். அவர் கதையைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

பிறந்த இடம் என்ற கட்டத்துக்கு வந்தால் பல பதிவுகளில் இந்தியா என்று மட்டும் இருக்கிறது. அதற்கு மேல் கேட்க எழுத்தருக்கு அவசியம் இருக்கவில்லை. மொரீசியஸ் கூலிகளின் பதிவேடுகளில் ஊர், உறவு, ஒரு கட்டத்துக்குப் பிறகு புகைப்படம்கூட உண்டு; அங்கே மகாத்மா காந்தி நிறுவனத்தில் அவற்றைப் பாதுகாக்கிறார்கள், வாரிசுகள் போய்க் கேட்டு வாங்குகிறார்கள். அந்த வசதி மார்த்தினிக்காரருக்கு இல்லை.

காகிதம் கைவிட்ட இடத்தில் திரும்பவும் கொடிக்கம்பத்துக்கு வந்தேன். கம்பத்தையும் ஓர் ஆவணமாகப் படித்தால் என்ன?

மூன்று வழிகளில் நாகூர் ஆண்டவர் அங்கே போயிருக்கலாம். கப்பலில் வேலை பார்த்த லஸ்கர்கள் கொண்டுபோயிருக்கலாம். கூலிகளில் இருந்த முஸ்லிம்கள் கொண்டுபோயிருக்கலாம். அல்லது மாரியம்மனைக் கும்பிட்ட அதே ஆட்கள், ஊரில் இருந்தபோதே இருவரையும் சேர்த்துக் கும்பிட்டவர்கள், இருவரையும் சேர்த்தே எடுத்துப் போயிருக்கலாம்.

இதைத் தீர்க்க மற்றத் தீவுகளைப் பார்க்க வேண்டியிருந்தது. இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவின் தமிழ்க் கோயில்களிலும் இதேபோலக் கொடியோடு கம்பம் நிற்கிறது. அங்கே அவரை நர்குலான் என்கிறார்கள். ரீயூனியனுக்கும் காரைக்காலிலிருந்து ஆள் போனது, ஆகவே இது காரைக்கால் துறையின் முத்திரை என்று முடித்துவிடலாம் போலிருந்தது. கயானா அதைக் கெடுத்தது. பிரிட்டிஷ் கயானாவுக்குத் தமிழர்களைக் கொண்டுபோன கப்பல்கள் சென்னையிலிருந்து கிளம்பியவை. அங்கேயும் காளியம்மன் பூசையில் மதுரை வீரன் வரிசையில் நாகுரா பாபா நிற்கிறார். பல துறைகள், பல கொடிகளின் கப்பல்கள், ஆனால் போய்ச் சேர்ந்த இடத்திலெல்லாம் அம்மன் பக்கத்தில் அதே அவுலியா. லஸ்கர் ஒருவன் தற்செயலாக விட்டுப்போன நம்பிக்கை இத்தனை இடத்தில் ஒரே மாதிரி ஒட்டாது. புறப்படும் முன்பே அது அவர்கள் வீட்டுக் கும்பிடாக இருந்திருக்க வேண்டும்.

இதற்குச் சாட்சி தேடி வெளிநாட்டுக் காப்பகம் போக வேண்டியதில்லை. நாகூர் தர்காவின் ஐந்து மினாராக்களில் உயரமானது, 131 அடி, தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் கட்டிக்கொடுத்தது. கந்தூரிக்குக் கொடி நாகப்பட்டினத்திலிருந்து ஊர்வலமாக வரும்போது கப்பல் வடிவத்தில் சோடித்த ரதமும் கூடவே வரும். நடுக்கடலில் ஓட்டை விழுந்த கப்பலை ஆண்டவர் கரையிலிருந்தே கண்ணாடியை வீசி அடைத்த கதை இங்கே எல்லாச் சாதிக்காரருக்கும் தெரியும். வேளாங்கண்ணியில் புயலில் சிக்கிய போர்த்துகீசிய மாலுமிகளை மாதா கரைசேர்த்த கதையும் அப்படித்தான். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்குக் காவி உடுத்திக்கொண்டு நடந்து வருகிறவர்களில் எத்தனையோ பேர் இந்துக்கள். பேருந்து நிலையத்துக்கு வெளியே நிற்கும் வேன் ஓட்டுநரிடம், நாகூருக்குத் தனியாக எவ்வளவு என்று கேட்டேன். “தனியா ஏன் சார் போறீங்க? மாதா, நாகூர், திருநள்ளாறு மூணும் ஒரே டிரிப்தான். யாரு இங்க ஒண்ணுக்கு மட்டும் வர்றா?” என்றார். என் மூன்றாவது ஊகத்துக்கு இதைவிடச் சுருக்கமான வாதம் எந்த நூலிலும் கிடைக்கவில்லை.

அப்படியானால் இன்னொரு கேள்வி வருகிறது. நாகூரார் போனார், மாரியம்மன் போனாள்; கப்பல் காக்கும் வேளாங்கண்ணி மாதா ஏன் போகவில்லை? என் எண்ணத்தில் அவளும் போயிருக்கிறாள், பதிவேடுதான் அவளை விழுங்கிவிட்டது. கூலிகள் இறங்கிய தீவுகள் கத்தோலிக்கத் தீவுகள். ஞாயிறு பூசைக்கும் போய், மாரியம்மன் பூசைக்கும் போவது அங்கே தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. ஊர்க் கோயிலில் ஏற்கனவே மரியாள் இருந்தாள். மாதாவிடம் நேர்ந்துகொண்டவர்களுக்குத் தனியாக ஒரு கம்பம் நடத் தேவை இருக்கவில்லை. அவர்கள் பெண் பிள்ளைகளுக்கு மரி என்று ஞானஸ்நானப் பெயர் வைத்ததோடு அடையாளம் மறைந்துவிட்டது. நாகூராருக்கு அங்கே பள்ளிவாசலும் இல்லை, தர்காவும் இல்லை. இடம் இல்லாததால்தான் அவர் அம்மன் முற்றத்தில் கண்ணுக்குத் தெரியும்படி நின்றார். இதை நிரூபிக்கக் காகிதம் என் கையில் இல்லை, ஊகம் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

நாகப்பட்டினக் கரையிலிருந்து இன்னொரு பயணமும் நடந்தது. பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன மரக்காயர், சூலியா வணிகர்கள் நாகூர் தர்காவை அங்கே கல்லிலும் சுண்ணாம்பிலும் திரும்பக் கட்டினார்கள். சிங்கப்பூரில் 1828 முதல் 1830 வரை கட்டிய தர்கா 1974இல் தேசிய நினைவுச் சின்னமானது. இப்போது அது இந்திய முஸ்லிம் மரபுடைமை மையம். காசு கொண்டு போனவர்களின் நாகூருக்குச் சட்டத்தின் காவல் கிடைத்தது. கடனோடு போனவர்களின் நாகூர் ஒரு கம்பம். உளுத்தால் வேறு வெட்டி நட வேண்டும், எப்படி நடுவது என்று தெரிந்த ஓர் ஆள் இருக்க வேண்டும். மரபுப் பாதுகாப்பு என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் முதல் வகையையே மனதில் வைத்துப் பேசுகிறார்கள்.

அந்த ஆள் யார் என்பதும் தெரியாமல் இல்லை. மார்த்தினிக்கில் அந்தோனி தங்கமன் என்ற பூசாரி, ஊர்க்காரர்களுக்கு ஸ்வாஸோ, தோட்டத்தில் மேஸ்திரி வேலை பார்த்தவர். தமிழில் பாடிப் பூசை செய்யத் தெரிந்த கடைசித் தலைமுறை. மானிடவியலாளர் ழெரி லெதாங், விக்தோரென் பெர்மால் என்பவரோடு சேர்ந்து தங்கமனின் வாழ்க்கைக் கதையைக் கேட்டு எழுதி 1994இல் நூலாக்கினார். குவாதலூப்பைப் பற்றி அதற்கு முன்பே, 1975இல், சிங்காரவேலு என்ற புவியியலாளர் எழுதியிருந்தார். இரண்டும் பிரெஞ்சில் இருக்கின்றன. தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகமோ வேறு யாரோ அவற்றைத் தமிழில் கொண்டுவந்தால், இந்தப் பாடல்களையும் பூசை முறைகளையும் கேட்டு “இது எங்க ஊர் வழக்கு” என்று சொல்லக்கூடிய ஆட்கள் திருத்துறைப்பூண்டிப் பக்கமோ வேதாரண்யம் பக்கமோ கிடைக்கலாம். ஊர்ப்பெயரைக் கண்டுபிடிக்க அது ஒரு வழி.

இன்னொரு வழியும் மிச்சம் இருக்கிறது. கப்பல் வரும்வரை கூலிகளைக் காரைக்கால் டிப்போவில்தான் வைத்திருந்தார்கள். காய்ச்சலிலும் காலராவிலும் சிலர் அங்கேயே இறந்திருப்பார்கள். பிரெஞ்சு மண்ணில் நடந்த சாவு என்றால் காரைக்கால் இறப்புப் பதிவேட்டில் ஏறியாக வேண்டும். அதை எழுதியவர் உள்ளூர் ஆள். அவருக்குத் தஞ்சாவூர் ஜில்லா ஊர்களின் பெயர் தெரியும், இந்தியா என்று எழுதிவிட்டுப் போயிருக்க மாட்டார். கப்பலேறாமல் இறந்தவர்களின் ஊர் தெரிந்தால், அவர்களோடு ஒரே மேஸ்திரியிடம் பிடிபட்டு ஏறிப் போனவர்களின் வட்டாரம் தெரியவரும். காரைக்கால் பதிவேடுகளும் எக்ஸ் காப்பகத்தில்தான் இருக்கின்றன. 1853ஆம் ஆண்டிலிருந்து ஆரம்பிக்கப் போகிறேன்.