வாத்தியம் இல்லாத வீட்டிலும் சங்கீதம்: மாணவருக்கும் ஆசிரியருக்கும் உதவும் இலவசக் கருவிகள்

வீணையைத் தூக்கிக்கொண்டு இடம்பெயர முடியாது. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் கைக்குழந்தையையும் அடையாள அட்டையையும் ஒரு பை உடுப்பையும் எடுத்துக்கொண்டு நடந்தன. வீணையும் மிருதங்கமும் தம்புராவும் வீடுகளிலேயே நின்றுவிட்டன. ஆசிரியர்கள் ஆண்டுக்கணக்கில் கையால் எழுதிச் சேர்த்த சங்கீதக் கொப்பிகளும் அவற்றோடு போயின. பிறகு கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் லொட்ஜ் அறைகளிலும் சிறிய அனெக்ஸ்களிலும் குடியிருந்தவர்கள், பிள்ளைகளைச் சங்கீத வகுப்பில் சேர்க்க வந்தபோது கேட்ட கேள்வி ஒன்றுதான்: "ரீச்சர், வீட்டில வாத்தியம் ஒண்டும் இல்லை. பிள்ளை எப்பிடிப் பழகிறது?"

கொழும்பில் தமிழ்மொழிமூலப் பாடசாலைகளில் நீண்டகாலம் சங்கீதம் கற்பித்தவள் என்ற வகையில், இந்தக் கேள்வியை இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இப்போது காரணங்கள் வேறு. வாத்தியத்தின் விலை, மாடிக் குடியிருப்பில் இடமின்மை, பக்கத்து வீட்டாரின் முறைப்பாடு. ஆனால் இன்று பெரும்பாலான வீடுகளில் ஒரு கைத்தொலைபேசியாவது இருக்கிறது. அதை வைத்து எவற்றைச் செய்யலாம், எவற்றைச் செய்ய முடியாது என்பதைப் பெற்றோரும் இளம் ஆசிரியர்களும் அறிந்துகொள்வதற்காக இங்கே தொகுத்துத் தருகிறேன். பெரும்பாலும் பணம் கட்டத் தேவையில்லாதவற்றையே குறிப்பிடுகிறேன்.

சுருதி

தம்புராவுக்கு நான்கு தந்திகள். ஒன்று பஞ்சமம், இரண்டு நடு ஷட்ஜம், ஒன்று மந்திர ஷட்ஜம். இந்த நான்கின் ஓசையையும் தரும் செயலிகள் பல உண்டு. அன்ட்ரொயிட் கைத்தொலைபேசிகளுக்கு 'தம்புரா டிரொயிட்' இலவசமாகக் கிடைக்கிறது. ஒருமுறை தரவிறக்கினால் பின்னர் இணையம் தேவையில்லை. இது சிறிய வசதி அல்ல. 2022 இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்ட நாட்களை நாம் மறந்திருக்க மாட்டோம். இணையம் இல்லாமலும் இயங்கும் செயலியையே முதலில் தெரிவு செய்யுங்கள்.

செயலிகள் சுருதியை மேற்கத்தேய எழுத்துகளில் காட்டும். ஒரு கட்டை என்பது சீ, இரண்டு டீ, மூன்று ஈ, நான்கு எஃப், ஐந்து ஜீ, ஆறு ஏ. நாலரை, ஐந்தரை என்பவை முறையே எஃப், ஜீ ஆகியவற்றுக்கு அடுத்துள்ள கறுப்புக் கட்டைகள். பெண்பிள்ளைகள் பலருக்கு ஐந்து அல்லது ஐந்தரைக் கட்டை பொருந்தும். ஆண்பிள்ளைகளுக்குக் குரல் உடையும் வயதில் சுருதி இறங்கும். அந்த மாதங்களில் பழைய சுருதியிலேயே பாடும்படி வற்புறுத்தக் கூடாது. பிள்ளையின் சுருதியை ஆசிரியரிடம் கேட்டுக் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதி வையுங்கள். வீட்டில் ஒரு சுருதி, வகுப்பில் வேறொரு சுருதி என்று பழகுவது குரலுக்கும் காதுக்கும் நல்லதல்ல.

கைத்தொலைபேசியின் சிறிய ஒலிபெருக்கியில் மந்திர ஷட்ஜம் சரியாகக் கேட்காது. வெறும் எவர்சில்வர் பாத்திரத்துள் தொலைபேசியை வைத்தால் ஓசை சற்றுப் பெருகும். அயலவருக்கு இடைஞ்சல் என்றால் காதொலிக் கருவியை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்ளலாம். மற்றக் காது திறந்திருந்தால்தான் பிள்ளைக்குத் தன் குரல் கேட்கும்.

தாளம்

'மெட்ரோனோம்' என்று தேடினால் இலவசச் செயலிகள் பல கிடைக்கும். நிமிடத்துக்கு 60 என்று வைத்தால், ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையும் எட்டு விநாடியில் முடியும். சரளி வரிசையை முதற்காலத்தில் எண்ணிக்கைக்கு ஒரு சுரமாகவும், இரண்டாங்காலத்தில் இரண்டாகவும், மூன்றாங்காலத்தில் நான்காகவும் பாடவேண்டும். மூன்று காலமும் பிசகாமல் வந்த பிறகே 65, 70 என்று ஏற்றலாம். இப்படிப் பழகும் பிள்ளை பரீட்சையில் வேகம் கூட்டி ஓடாது. ஆனால் தாளத்தைக் கையால் போடுவதை நிறுத்தக் கூடாது. செயலி எண்ணுகிறது என்று கை சும்மா இருந்தால் லயம் உடம்பில் சேராது.

கீபோட்டும் சுருதிமானியும்

வீணைக்குப் பதிலாகக் கீபோட் வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் பலர். தொடக்கத்தில் சுரத்தானங்களை அறிய அது உதவும். ஆனால் அதன் சுரங்கள் மேற்கத்தேய முறையில் சமமாகப் பிரிக்கப்பட்டவை. ஒரு கட்டைச் சுருதியில் ஷட்ஜம் 261.6 ஹேர்ட்ஸ். இயற்கையான அந்தர காந்தாரம் அதன் ஒன்றேகால் மடங்கு, அதாவது 327. கீபோட்டில் அந்தச் சுரம் 329.6. தம்புராவோடு சேர்த்துக் கேட்டால் கீபோட்டின் காந்தாரம் சற்று மேலே நிற்பதை நல்ல காது உணரும். கமகமும் கீபோட்டில் இயல்பாக வராது.

சுருதிமானிச் செயலிகளும் இதே சமப்பிரிவையே அளவுகோலாகக் கொண்டவை. ஷட்ஜமும் பஞ்சமமும் சேருகின்றனவா என்று பார்க்க, வயலினைச் சுருதி கூட்ட, அவை போதும். இராகம் பாடும்போது முள் அசைகிறதே என்று பிள்ளை பயப்படத் தேவையில்லை. கமகம் என்றால் அசையத்தான் செய்யும்.

கொட்டாஞ்சேனையில் தேவாலயப் பாடகர் குழுக்களில் பாடும் பிள்ளைகளும், மேலைத்தேய சங்கீதம் படிப்பவர்களும் 'மியூஸ்ஸ்கோர்' என்ற இலவச மென்பொருளைக் கணினியில் பயன்படுத்தலாம். எழுதிய இசைக்குறிப்பை அது வாசித்துக் காட்டும். நாற்குரல் பாடலில் தன் குரலை மட்டும் தனியே கேட்டுப் பழகவும் முடியும்.

பாடநூலும் வினாத்தாளும்

கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் அரச பாடநூல்கள் தமிழிலும் தரவிறக்கக் கிடைக்கின்றன. மகரகம தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்தில் பாடத்திட்டங்களும் ஆசிரியர் வழிகாட்டிகளும் உள்ளன. புதிதாக நியமனம் பெற்ற ஆசிரியர்கள் வழிகாட்டியை முதலில் படிப்பது நல்லது. கல்வி அமைச்சின் 'இ-தக்சலாவ' தளத்திலும் தமிழ்மொழிமூலப் பகுதி உண்டு. க.பொ.த. சாதாரண தரத்தில் கர்நாடக சங்கீதத்துக்கு எழுத்துப் பரீட்சையோடு செயன்முறைப் பரீட்சையும் உண்டு என்பதால், கடந்தகால வினாத்தாள்களை மட்டும் நம்பியிருக்க முடியாது.

வட இலங்கை சங்கீத சபையின் தரப் பரீட்சைகளுக்குத் தோற்றும் பிள்ளைகள், அந்தந்தத் தரத்துக்குரிய உருப்படிகளைச் சபையின் பாடத்திட்டத்தைப் பார்த்தே தெரிவு செய்யவேண்டும். 1931 இல் தொடங்கிய இச்சபையின் பரீட்சைகளே நம்மவரில் பலருக்குச் சங்கீதத்தின் முதற்படியாக இருந்தன.

கேள்வி ஞானம்

கொழும்பில் சபாக் கச்சேரி எல்லா வாரமும் நடப்பதில்லை. நல்ல சங்கீதத்தைக் கேட்காமல் நல்லபடி பாட வராது. இதற்கு 'சங்கீதப்பிரியா' தளம் பெரிய களஞ்சியம். பழைய வித்துவான்களின் கச்சேரி ஒலிப்பதிவுகளை வர்த்தக நோக்கமின்றி அங்கே தொகுத்து வைத்திருக்கிறார்கள். சிவ்குமார் கல்யாணராமனின் தளத்தில் வர்ணம், கிருதிகளின் சுரக்குறிப்புகள் உள்ளன. அவை ஆங்கில எழுத்தில் இருக்கும். பிள்ளை அவற்றைத் தமிழில் தன் கொப்பியில் எழுதிக்கொள்வதே ஒரு நல்ல பயிற்சி. பண்ணிசைப் போட்டிகளுக்குத் தயாராகும் மாணவர்களுக்கு, தருமபுரம் ஆதீனத்தின் தேவாரத் தளத்தில் பன்னிரு திருமுறைகளும் ஓதுவார் பாடிய ஒலிப்பதிவுகளும் இருக்கின்றன.

உயர்தர மாணவர்கள் தமிழிசை வரலாற்றுக்கு ஆபிரகாம் பண்டிதரின் 'கருணாமிர்த சாகரம்' (1917), காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தரின் 'யாழ் நூல்' (1947) ஆகியவற்றை மின்னூலாகவே படிக்கலாம்.

யூடியூப்பில் ஒரு உருப்படியைக் கேட்டுப் பழகும்போது வேகத்தை 0.75 ஆகக் குறைத்தால் சுருதி மாறாமலே சங்கதிகள் தெளிவாகக் கேட்கும். கணினி உள்ளவர்கள் 'ஒடாசிற்றி' என்ற இலவச மென்பொருளில் வேகத்தையும் சுருதியையும் தனித்தனியே மாற்றலாம். ஐந்தரைக் கட்டையில் உள்ள பாடலைப் பிள்ளையின் ஐந்து கட்டைக்கு இறக்கிக் கொடுக்க இது உதவும்.

ஆசிரியர் தூர தேசத்தில் இருந்தால்

போர் நம் ஆசிரியர்களைத் தொரன்டோவுக்கும் லண்டனுக்கும் சிட்னிக்கும் அனுப்பிவிட்டது. அவர்களிடம் 'சூம்' வழியாகப் படிக்கும் பிள்ளைகள் வெள்ளவத்தையில் பலர். இதில் ஒரு சிக்கல் உண்டு. தொடர்ந்து ஒலிக்கும் தம்புராவை இரைச்சல் என்று எண்ணி சூம் அதை அடக்கிவிடும். சில வேளை நீண்ட கார்வையும் அறுந்துவிடும். ஒலி அமைப்புகளில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்ற தெரிவை இருவரும் இயக்கிவிட்டால் இது பெரிதும் தீரும். அடுத்து, ஒலி சென்றடையத் தாமதமாகும் என்பதால் இருவரும் சேர்ந்து பாட முடியாது. ஆசிரியர் பாட, பிள்ளை கேட்டுத் திருப்பிப் பாடுவதே வழி. சுருதியை அவரவர் தம் பக்கத்தில் ஒரே அளவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பாடத்தை வட்ஸ்அப்பில் அனுப்பும்போது குரல் செய்தியாக அனுப்பினால் தரம் குறையும். பதிவு செய்த கோப்பை ஆவணமாக இணைத்தால் இருந்தபடியே போய்ச்சேரும்.

இருப்பதைக் காப்பது

மேலே சொன்ன எல்லாவற்றையும்விட முக்கியமானது இது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. அவற்றுள் பலவற்றுக்கு வேறு பிரதி இல்லாததே அந்த இழப்பை மீளாததாக்கியது. நம் வீடுகளிலும் அப்படித்தான். ஒரு கொப்பி, ஒரு கசெற், வேறு பிரதி இல்லை.

வீட்டில் பழைய ஆசிரியரின் குரல் உள்ள கசெற் இருந்தால், அதன் மேல் விளிம்பில் உள்ள சிறு பிளாஸ்ரிக் தடுப்புகளை முதலில் உடைத்துவிடுங்கள். அதன்பின் யாரும் தவறுதலாக அதன்மீது பதிய முடியாது. பிளேயரின் காதொலித் துவாரத்திலிருந்து கணினிக்கு ஒரு வயரை இணைத்து ஒடாசிற்றியில் பதியலாம். வேவ் வடிவில் ஒரு நிமிடம் ஏறத்தாழ 10 மெகாபைட் பிடிக்கும். எம்பி3 வடிவில் ஏறத்தாழ ஒரு மெகாபைட். பாதுகாக்க வேவ், பகிர எம்பி3.

கொப்பிகளைப் பகல் வெளிச்சத்தில், பக்கம் பக்கமாக, நேர் மேலிருந்து படம் எடுங்கள். கோப்பின் பெயரில் ஆசிரியர், இராகம், உருப்படி, ஆண்டு ஆகியவற்றை எழுதுங்கள். பெயரில்லாத பதிவு பத்து ஆண்டுக்குப் பின் யாருக்கும் உதவாது. மூன்று பிரதிகள் வையுங்கள்: ஒன்று கணினியில், ஒன்று பென் டிரைவில், ஒன்று வேறொரு ஊரிலோ நாட்டிலோ உள்ள உறவினரிடம். மூன்றும் ஒரே வீட்டில் இருந்தால் அது ஒரு பிரதிதான்.

2005 இல் தன்னார்வலர்களால் தொடங்கப்பட்ட 'நூலகம்' எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் மலர்களையும் காத்துவருகிறது. அதன் 'ஆவணகம்' பகுதியில் ஒலிப்பதிவுகளும் இடம்பெறுகின்றன. உங்களிடம் உள்ள இசைவிழா மலர், ஆசிரியரின் ஒலிப்பதிவு போன்றவற்றை அவர்களுடன் தொடர்புகொண்டு கொடுக்கலாம். உயிரோடிருக்கும் ஆசிரியர் என்றால் அவரது அனுமதியை முதலில் பெறுங்கள்.

செயலி சுருதி தரும், தாளம் எண்ணும், நூறு தடவை சலிக்காமல் திருப்பிப் போடும். பிள்ளை பாடிய சங்கதியில் எங்கே பிழை என்று அது சொல்லாது. அதைச் சொல்ல ஆசிரியரின் காது வேண்டும். அந்த ஆசிரியர்களில் பலருக்கு இப்போது எழுபதும் எண்பதும் ஆகிறது. அவர்கள் வெள்ளவத்தையில் உங்கள் அடுத்த ஒழுங்கையிலேயே இருக்கக்கூடும். வாத்தியம் வாங்கக் காசு சேரும்வரை காத்திருக்க வேண்டாம். தொலைபேசியோடு போய், அவர்களுக்குத் தெரிந்த ஒரு வர்ணத்தைப் பாடித்தரும்படி கேளுங்கள்.