ஆள் பஞ்சம்

வில்லியனூர்ப் பக்கமோ பாகூர்ப் பக்கமோ அறுவடைக் காலத்தில் போய், நிலக்காரர் யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். மழையைக் குறை சொல்வதற்கு முன்பே, "ஆள் எங்கே ஐயா கிடைக்கிறது?" என்பார். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பாகூர் ஏரி நினைவுக்கு வருவதில்லை. பல ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ள மார்த்தினிக் தீவுதான் நினைவுக்கு வருகிறது. காரணத்தைச் சொல்கிறேன்.

1848-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசாங்கம் தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தது. ரெயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்ட முதலாளிகளைப் பெருங் கவலை பிடித்துக் கொண்டது. விடுதலை பெற்றவர்களில் பலர் பழைய எஜமானனின் தோட்டத்துக்குத் திரும்ப விரும்பவில்லை. கரும்போ காத்திருக்கும் பயிர் அல்ல. முற்றியதும் வெட்ட வேண்டும். வெட்டியதும் ஆலையில் இட வேண்டும். "ஆள் இல்லை!" என்று முதலாளிகள் கூக்குரலிட்டார்கள்.

உண்மையில் ஆளா இல்லை? நேற்றுவரை வெட்டிய கைகள் அங்கேதான் இருந்தன. கொடுத்த கூலிக்கும் காட்டிய மரியாதைக்கும் அவை நீளவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கூக்குரல் புதுவையிலும் காரைக்காலிலும் எதிரொலித்தது. 1853 மே மாதம் 'ஒரேலி' என்னும் கப்பல் இந்தியத் தொழிலாளரின் முதல் கூட்டத்தை மார்த்தினிக்கில் இறக்கியது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அதே கப்பல் குவாதலூப்புக்கும் ஆட்களைக் கொண்டு சேர்த்தது. 1861-ல் பிரிட்டனும் பிரான்ஸும் உடன்படிக்கை செய்துகொண்டன. பிரிட்டிஷ் ஜில்லாக்களிலும் ஆள் சேர்க்க வழி பிறந்தது. ஐந்து வருஷ ஒப்பந்தம். இங்கே சோற்றுப் பஞ்சம். அங்கே ஆள் பஞ்சம். இரண்டு பஞ்சத்துக்கும் நடுவே தரகர்கள் பிழைத்தார்கள்!

தோட்டங்களில் நடந்த கொடுமைகள் வெளிவரவே, பிரிட்டிஷ் அரசாங்கம் 1882-ல் ரெயூனியனுக்கும் 1888-ல் மற்ற இரு தீவுகளுக்கும் ஆள் அனுப்புவதை நிறுத்தியது. அதற்குள் மார்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேரும், குவாதலூப்புக்கு 40,000-க்கு மேற்பட்டவர்களும் போய்விட்டார்கள். பலர் திரும்பவே இல்லை. அவர்கள் கொண்டு சென்ற மதுரை வீரனும் மாரியம்மனும் இன்றும் அத்தீவுகளில் பூஜை பெறுகிறார்கள்.

இப்போது பாகூருக்குத் திரும்புவோம். அன்று களத்திலேயே நெல்லாகக் கூலி வாங்கியவர்களின் பேரப் பிள்ளைகள், இன்று சேதராப்பட்டுத் தொழிற்பேட்டைக்கும் புதுவை நகரத்துக்கும் வேலைக்குப் போகிறார்கள். அறுவடை சில வாரங்களுக்குச் சோறு போடும்; மாதச் சம்பளம் வருஷம் முழுவதும் போடும். அவர்களைக் குறை கூற யாருக்கு உரிமை?

நிலக்காரர் பாடும் சுலபமானதல்ல. கூலியை உயர்த்தலாம் என்றால், நெல்லின் விலை அவர் கையில் இல்லை. ஆகவே அறுவடை இயந்திரத்தை மணிக் கணக்கில் வாடகைக்குப் பிடிக்கிறார். குனிந்து குனிந்து கதிர் அறுத்த பெண்களின் முதுகை அது காப்பாற்றியது, மறுக்க முடியாது. ஆனால் அறுவடை நேரத்தில் மழை பெய்துவிட்டால் டயர் வண்டி சேற்றில் புதைகிறது. பெல்ட் வண்டிதான் வேண்டும். அதற்கு வாடகையும் அதிகம். சின்ன விவசாயி முறை வருமென்று வரப்பில் நின்று வானத்தைப் பார்க்கிறார்.

தீவு முதலாளியும் பாகூர்ச் சின்ன விவசாயியும் ஒன்றல்ல. ஆனால் இருவர் வாயிலும் வரும் சொல் ஒன்றுதான். "ஆள் இல்லை" என்று யார் சொன்னாலும், "என்ன கூலிக்கு?" என்று நான் கேட்பேன். விவசாயி கஷ்டப்படுகிறவராக இருந்தால், "என்ன விலைக்கு?" என்று நெல் வாங்கும் நம்மையும் சேர்த்துக் கேட்பேன்.